அது என்ன 52? பெயர் வையுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் படிக்கிறார்கள், பிளஸ் டூவில் பைத்தானுக்கு வருகிறார்கள். இந்த இரண்டு வருடத்தில் மாறிலி என்பது வெறும் இரண்டு மார்க் கேள்வியாகச் சுருங்கிப்போகிறது. 'புரோகிராம் ஓடும்போது மதிப்பு மாறாதது' என்று எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் எல்லா வரியிலும் பெயரில்லாத மொட்டை எண்கள். வேலைக்குப் போன பிறகு மாற்ற ரொம்பச் சிரமப்படுத்தும் பழக்கம் இது.

நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு மட்டம் 52 அடி. சதவீதம் காட்ட மட்டம் / 52 * 100 என்று எழுதுகிறோம். (இது உயரத்தின் சதவீதம்தான், தண்ணீர் இருப்பின் சதவீதம் அல்ல. அணை மேலே போகப் போக விரியும்.) அதே புரோகிராமில் வாரா வாரம் எடுத்த மட்டங்களின் ஆண்டு சராசரிக்கு மொத்தம் / 52. இந்த 52 வாரக் கணக்கு.

இப்போது எல்லாவற்றையும் மீட்டரில் கேட்கிறார்கள். 52ஐத் தேடி எல்லா இடத்திலும் 15.85 போட்டுவிட்டால் என்ன ஆகும்? எர்ரர் வராது. சராசரி மட்டும் 3.28 மடங்கு கூடிவிடும். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதால், பக்கத்தில் மீட்டர் என்று போட்டு, பழைய அடிக் கணக்கு எண்ணே வந்து நிற்கும். பார்த்துப் பழகிய எண், யாருக்கும் சந்தேகம் வராது. பிழைகளில் இதுதான் மோசமான வகை.

அணை_முழு_மட்டம்_அடி = 52
ஆண்டின்_வாரங்கள் = 52

இந்த இரண்டு வரி மேலே இருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.) பெயரிலேயே அலகு இருப்பதைக் கவனியுங்கள். அடியா மீட்டரா, சதவீதமா ரூபாயா என்பது பெயரில் தெரியவேண்டும். ஐம்பத்திரண்டு = 52 என்று பெயர் வைப்பதில் பிரயோஜனமே இல்லை. மதிப்பு மாறிய அன்றே பெயர் பொய்யாகிவிடும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் மாறிலி என்று காட்ட கான்ஸ்ட் போட்டால் அறிவிக்கும்போதே மதிப்பு கொடுத்தாக வேண்டும். பிறகு மாற்ற முயன்றால் கம்பைலர் விடாது. ஹேஷ் டிஃபைன் அப்படியல்ல, பெயர் வரும் இடத்தில் எல்லாம் நாம் கொடுத்த எழுத்தை அப்படியே ஒட்டும் வேலைதான். 50 + 2 என்று அடைப்புக்குறி இல்லாமல் டிஃபைன் செய்து 2ஆல் பெருக்கினால் 104 வராது, 54 வரும். கடைசியில் செமிகோலன் போட்டால் அதையும் சேர்த்து ஒட்டும். கான்ஸ்ட் இருக்கும்போது டிஃபைன் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பைத்தானுக்கு வந்ததும் இந்தப் பூட்டு கிடையாது. ஆங்கிலப் பெயராக இருந்தால் முழுக்க கேபிட்டல் எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர் என்பது பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் வழக்கம், அவ்வளவுதான். மதிப்பை மாற்றினால் பைத்தான் வாய் திறக்காது. 'இதை மாற்றாதே' என்று சொல்ல 3.8 பதிப்பில் வந்த ஃபைனல் குறிப்பும் மைபை மாதிரி சோதனைக் கருவிகளுக்குத்தான். இன்னொன்று: ஃபங்ஷனுக்குள் அதே பெயருக்கு மதிப்பு கொடுத்தால் உள்ளே புதிய மாறி பிறக்கும், வெளியே இருப்பது அப்படியே இருக்கும். அந்த வரிக்கு முன்னாலேயே அந்தப் பெயரைப் படித்தால் அன்பவுண்ட் லோக்கல் எர்ரர்.

ஜிஎஸ்டி விகிதத்தை மாறிலியாக வைக்கலாமா? பில்லிங் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் எல்லாரும் வைக்கிறார்கள், வேண்டாம் என்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் 5க்கு வந்தன. மாறிலியில் 5 என்று திருத்தினால் ஆகஸ்ட் பில்லைத் திரும்ப எடுக்கும்போது வரி தப்பாகும். விகிதம், அமலான தேதி இரண்டையும் தனி அட்டவணையில் வையுங்கள். மாவட்ட எண்ணிக்கையும் இப்படித்தான். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது 30, இன்று 38. பட்டியல் கையில் இருந்தால் எண்ணிக்கையை அதன் நீளத்திலிருந்து எடுப்பதே சரி.

அதற்காக எல்லா எண்ணுக்கும் பெயர் வைக்கவேண்டாம். லூப் தொடங்கும் 0, ஒன்று கூட்டும் 1, இரட்டைப்படையா என்று பார்க்கும் 2 அப்படியே இருக்கட்டும். பை மதிப்பை 3.14 என்று நீங்களே எழுதாதீர்கள், மேத் மாட்யூலில் துல்லியமாகவே இருக்கிறது.