கிளார்க்கே எழுதி வைத்திருக்கிறாரே, ஐயா!

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் இருக்கும் பாம்பீஸ் பில்லர் பாறையைக் காட்டி, மனிதக் காலடியே படாத மண்ணில் அமெரிக்க மேற்கை ஆராயப் போன பயணக் குழுவின் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க் பதித்த முதல் தடம் என்று நண்பர் உருகிக்கொண்டிருந்தார். நான் போட்டது ஒரே ஒரு வரி: "அவருக்கு முன்னாலேயே அந்தப் பாறையில் உருவங்கள் இருந்தன." அதற்கு நாற்பது சிரிப்பு எமோஜி. "வந்துட்டாருய்யா வாத்தியார்" என்று ஒருவர். சரி.

நான் என்ன சொந்தமாகவா சொன்னேன்? கிளார்க்கே எழுதி வைத்திருக்கிறார். 1806 ஜூலை 25 நாட்குறிப்பைப் புரட்டுங்கள். பூர்வகுடிகள் பாறையில் விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள், அதன் அருகில்தான் என் பெயரையும் தேதியையும் பொறித்தேன் என்கிறார். உச்சியில் அவர்கள் அடுக்கியிருந்த இரண்டு கற்குவியலைக்கூட விடவில்லை. அவருக்கு இருந்த நேர்மை அவர் ரசிகர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

நானும் ரசிகன்தான், நம்புங்கள். மொன்டானா போனபோது படியேறிப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கையெழுத்தின் முன் கால் மணி நேரம் நின்றேன். மெய் சிலிர்த்தது.

"அப்போ கிளார்க் ஒன்றுமே செய்யலையா?" என்று கிளம்புவீர்கள். செய்தார். 1814-ல் அச்சான அவர் வரைபடம் மேற்கே போனவர்களுக்கு எவ்வளவோ காலம் கைகொடுத்தது. யார் மறுத்தார்கள்? வழிகாட்டியவரை ஏன் விழுங்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி. பாறையில் பெயர் பொறிப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, இன்னும் தெற்கே ஒரு கணவாய் இருக்கிறது, அப்படிப் போகலாம் என்று அந்தக் குழுவோடு கூடப் போன பூர்வகுடிப் பெண் சகாகவியா சொல்கிறார். இந்தப் பகுதியில் எனக்கு வழிகாட்டியாகப் பேருதவி செய்தவர் என்று எழுதிவிட்டு, கிளார்க் அந்த வழியே போகிறார். அங்கே சகாகவியாவின் பெயரை எழுதவில்லை என்பது வேறு விஷயம். பாறைக்கு மட்டும் சகாகவியாவின் ஒன்றரை வயது மகனுடைய செல்லப்பெயரை வைத்தார். அந்தக் கணவாய்க்கு இன்று என்ன பெயர் தெரியுமா? போஸ்மேன். போஸ்மேன் என்ற அந்த ஆள் அந்தப் பக்கம் வந்ததே 1860-களில்!

பயணம் முடிந்ததும் சகாகவியாவின் கணவருக்கு ஐந்நூறு டாலர் சம்பளம், 320 ஏக்கர் நிலம். சகாகவியாவுக்கு ஒன்றும் இல்லை.

"எல்லாவற்றிலும் அரசியல் பண்ணாதே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எங்கள் அப்பா செயின்மேன். நில அளவைக்குச் சங்கிலி இழுப்பவர். முள்ளிலும் வரப்பிலும் நடந்து நடந்து பாதம் வெடித்திருக்கும். புதிதாக வந்த சர்வேயர் கல்லைக் காணாமல் முழித்தால், "சார், அந்தப் புளிய மரத்துக்கு மேற்கால, கள்ளிப் புதருக்குள்ள பாருங்க" என்பார். விலக்கிப் பார்த்தால் கல் இருக்கும். வரைபடத்தில் கையெழுத்து சாருடையது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன், உங்களுக்குக் கோபமே வரலையாப்பா என்று. "கல்லு இருந்துச்சுல்ல, அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஆமாம், அந்தக் கோபமும் இந்தப் பதிவில் இருக்கிறது. அதனால் கிளார்க் எழுதியது பொய்யாகிவிடுமா?

அடுத்த ஞாயிறு கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரம் என்று அறிவிப்புப் பார்த்தேன். 1806 நவம்பரில் இடுப்பளவு பனியில் மாட்டி, பாதியில் திரும்பிய அமெரிக்கப் படை அதிகாரி செபுலன் பைக் அந்தச் சிகரத்தில் ஏறவே இல்லை. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான யூட் மக்கள் அதற்கு வைத்த பெயர் தாவா. நான் கட்டாயம் வருவேன். கமென்ட் பகுதியை மட்டும் பூட்டிவிடாதீர்கள்.