ஒரே வீட்டுக்குப் போகும் கம்பி

"நீ ஒரு மாசத்துக்குக் கட்டுற ஃபோன் காசுல நான் இங்க வருஷம் பூரா பேசிருவேன்டா" என்று திண்டுக்கல்லில் இருந்து அக்கா சொன்னாள். கரண்ட் பில்லைச் சொன்னதும் இன்னும் அதிர்ந்துபோனாள். "அவ்வளவு பணக்கார நாட்டுல ஏன்டா இப்படி?" என்று கேட்டாள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஆனாலும் அவளுக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

இந்த மாகாணம் ஐந்து தமிழ்நாடு அளவு பெரியது. ஜனத்தொகை சுமார் 12 லட்சம். மதுரையும் புறநகரும் சேர்ந்தாலே இதைத் தாண்டிவிடும்.

போன அக்டோபரில் உடன் வேலை பார்ப்பவரின் பண்ணைக்குப் போயிருந்தேன். ரோஸ்டவுனைத் தாண்டியதும் சரளைக்கல் ரோடு. ஓரத்தில் மின்கம்பங்கள் கூடவே வந்துகொண்டிருந்தன. கோதுமை அறுத்த வயல், கம்பம், மறுபடியும் வயல். ஒரு வீட்டையும் காணோம். கடைசியில் லைன் ரோட்டைவிட்டுத் திரும்பி அவர் வீட்டு முற்றத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் போய் முடிந்தது. அவ்வளவு தூரமும் அந்த ஒரு வீட்டுக்காக. நம் ஊரில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நம்பி ஒரு தெருவே இருக்கும். இங்கே ஜனவரியில், மைனஸ் 35 குளிரில், அந்தக் கம்பி அறுந்தால் ஒரே ஒரு வீட்டுக்காக லாரியும் ஆட்களும் பனியில் கிளம்பியாக வேண்டும்.

மாகாண அரசின் சஸ்க்பவர் நிறுவனத்துக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் லைன் இருக்கிறது. இணைப்புகளோ ஐந்தரை லட்சம் சொச்சம்தான். கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு பேர். கம்பம், கம்பி, கூலி எல்லாம் அந்த மூன்று, நான்கு பேர் தலையில்தான் விழும். 1949-இல் அப்போதைய மாகாண முதல்வர் டாமி டக்ளஸின் அரசு கிராம மின்சாரத்துக்கென்றே சட்டம் போட்டது. பண்ணைக்காரர்களும் தங்கள் பங்குக்குப் பணம் கட்டினார்கள். அப்படித்தான் இங்கே வயலுக்குள் விளக்கு எரிந்தது. லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அங்கே ஒரு கம்பம்கூட நட்டிருக்க மாட்டார்கள். அதனால் கரண்ட் பில்லை மனசார கட்டுகிறேன்.

ஃபோன் பில் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

டவருக்கும் இதே கணக்கு உண்டு, மறுக்கவில்லை. 50 பேர் பேசினாலும் 5,000 பேர் பேசினாலும் டவர் கட்டும் செலவு பெரிதாக மாறாது. ஆனால் "நாடு பெரிசு, ஜனம் கம்மி" என்று கம்பெனிகள் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கனடாக்காரர்களில் மூன்றில் இரண்டு பேர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். வடக்கே கிடக்கும் காட்டுக்கெல்லாம் டவர் வைக்கவில்லை, வைக்கவும் போவதில்லை.

அப்புறம், அடர்த்திதான் முழுக் காரணம் என்றால் டொராண்டோக்காரர் குறைவாகவும் நாங்கள் அதிகமாகவும் கட்ட வேண்டும். பல வருடங்களாக நடந்தது நேர்தலைகீழ். நாட்டின் பெரிய ஃபோன் கம்பெனிகளான பெல், ரோஜர்ஸ், டெலஸ் மூன்றும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கேட்டதைவிட இங்கே குறைவாகத்தான் கேட்டன. காரணம் சஸ்க்டெல். 1908-இல் மாகாண அரசு தொடங்கிய தொலைபேசித் துறையிலிருந்து வளர்ந்த நிறுவனம், இன்றும் அரசுடையது. அது ஒரு விலை வைத்தால் மற்ற மூவரும் இறங்கி வந்தே ஆக வேண்டும். வலுவான நான்காவது போட்டியாளர் இருக்கும் இடங்களில் விலை 35 முதல் 40 சதவீதம் குறைவு என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் கனடா அரசின் காம்படிஷன் பீரோவே 2019-இல் சொன்னது. கடந்த சில வருடங்களில் நாடு முழுக்க விலை இறங்கியிருக்கிறது, சரி. அதற்காக கம்பெனிகளின் பழைய சாக்கு உண்மையாகிவிடாது.

பக்கத்து மாகாணமான மானிடோபாவிலும் எம்டிஎஸ் என்று இப்படி ஒரு உள்ளூர் நிறுவனம் இருந்தது. 1990-களில் அரசு அதைத் தனியாருக்கு விற்றது, 2017-இல் பெல் வாங்கிக்கொண்டது. இங்கேயும் சஸ்க்டெல்லை விற்றால் என்ன என்று அவ்வப்போது பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மானிடோபாவின் தலைநகர் வின்னிபெக்கில் 2017-க்கு முன்பிருந்தே இருக்கும் நண்பர்கள் யாராவது பழைய எம்டிஎஸ் பில் வைத்திருந்தால், இப்போது கட்டுவதையும் சேர்த்துக் கமென்ட்டில் போடுங்கள்.