53-ல் கடைசிப் பத்து இடம் யாருக்கு?

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் அணிகள் 90 வீரர்களை 53 ஆகக் குறைக்கும் அன்று ஒரே புலம்பல்தான். "ப்ரீசீசன் பயிற்சி மேட்ச்ல ரெண்டு டச்டவுன் போட்டவனைத் தூக்கிட்டு, பந்தையே தொடாதவனை வெச்சிருக்காங்களே, கோச்சுக்குக் கண்ணில்லையா?" கண் இருக்கிறது. அவர் பார்க்கிற இடம் வேறு.

முதல் நாற்பது பேரைப் பற்றிப் பெரிய விவாதமே கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர்கள், ட்ராஃப்ட் என்ற புதுமுகத் தேர்வின் முதல் மூன்று ரவுண்டில் எடுத்த இளைஞர்கள், ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை பெரிதாக உள்ளவர்கள் எல்லாம் கேம்ப் தொடங்கும் முன்பே உள்ளே. அடிபிடி எல்லாம் மீதிப் பத்துப் பன்னிரண்டு இடத்துக்குத்தான். அந்த இடங்களைத் திறமை வரிசைப்படி நிரப்புவார்கள் என்று நினைத்தால் ஒரு பெயர்கூடப் புரியாது.

காரணம், ஆட்ட நாளில் 53 பேரும் களம் காண முடியாது. உடுப்பு மாட்டுவது 48 பேர். அதுவும் அவர்களில் எட்டுப் பேர் அஃபென்சிவ் லைன்மேன்களாக, அதாவது பந்தை வீசும் குவாட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசைக்காரர்களாக, இருந்தால்தான். ஏழு பேரோடு வந்தால் 47. யார் யார் வெளியே என்ற பட்டியலை ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆகவே கோச்சும் ஜெனரல் மேனேஜரும் ஆளை எண்ணுவதில்லை, வேலையை எண்ணுகிறார்கள். ஒருவன் எத்தனை வேலைக்கு ஆவான் என்பதே கேள்வி.

லைன்மேன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஐவர் ஸ்டார்ட்டர்கள். மீதி மூவரை வைத்து ஐந்து இடத்துக்கும் (நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்) மாற்று காட்டியாக வேண்டும். ஒருவன் ஸ்விங் டேக்கிள், இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்தவன். கேட்கச் சுலபம். ஆனால் இடது பக்கம் ஆடிப் பழகினவனை வலது பக்கம் நிறுத்தினால் ஊன்றுகிற கை, பின்னால் வைக்கிற கால், முதல் அடி எல்லாமே தலைகீழ். இன்னொருவன் சென்டரும் இரண்டு பக்க கார்டும் ஆட வேண்டும். சென்டர் ஆடத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாத அணியில் ஸ்டார்ட்டர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், அடுத்த ஷாட்கன் ஸ்னாப் (சில யார்டு பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்குக்குச் சென்டர் கால்களுக்கிடையே எறிகிற பந்து) அவர் தலைக்கு மேல் போகும். இடது கார்டு மட்டும் பிரமாதமாக ஆடுகிறவனை அனுப்பிவிட்டு, மூன்று இடத்திலும் சுமாராகத் தாக்குப்பிடிக்கிறவனை வைப்பது இதற்காகத்தான். அது சரியான முடிவு என்றே நான் சொல்வேன்.

அடுத்தது ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்குகிற குழுக்கள். கடைசி இடங்களில் பாதிக்கு மேல் முடிவாவது இங்கே. ஐந்தாவது ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), நாலாவது சேஃப்டி, ஐந்தாவது லைன்பேக்கர் (இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்) எல்லாம் தங்கள் சொந்த இடத்தில் ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினாலே அதிகம். கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), அந்தப் பந்தைப் பிடித்து ஓடுகிற கிக்ஆஃப் ரிட்டர்ன், பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவில் விட்டுக்கொடுக்கும் உதை), பன்ட் ரிட்டர்ன் என்ற நாலு யூனிட்டில் குறைந்தது மூன்றில் இடமில்லாதவனை ஸ்பெஷல் டீம்ஸ் கோச் அறையிலேயே எதிர்ப்பார். நியூ இங்கிலாந்து அணியின் மேத்யூ ஸ்லேட்டர் 2008 ட்ராஃப்டில் ரிசீவராக வந்தவர். 16 சீசனில் அவர் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று. ஆனால் பத்து முறை ப்ரோ போல் (நட்சத்திர ஆட்டத்துக்கான தேர்வு), மூன்று சூப்பர் போல் (இறுதிப் போட்டி) வெற்றி.

அவர் செய்த கன்னர் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் இதன் கஷ்டம் தெரியும். பன்ட் அடிக்கும்போது ஓரத்தில் நிற்பவன் கன்னர். எதிரே ஒருவர், சில சமயம் இருவர் தள்ளிக்கொண்டே வருவார்கள். அவர்களை உதறிவிட்டு நாற்பது யார்டுக்கு மேல் ஓட வேண்டும். இளைஞர்கள் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். முழு வேகத்தில் போய் ரிட்டர்னரைத் தாண்டிவிடுவார்கள். நாலைந்து யார்டு முன்பே வேகத்தை மட்டுப்படுத்தி, இடுப்பைத் தாழ்த்தி, ஆளை உள்பக்கமே திருப்பத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. ஓட்டப்பந்தய நேரத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

2024-ல் வந்த புதிய கிக்ஆஃப் விதி இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது. உதைக்கும் அணியின் பத்துப் பேர் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள். பந்து தரையையோ ரிட்டர்னரையோ தொடும்வரை அசையக் கூடாது. 2025-ல் டச்பேக் (உதைத்த பந்து களத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போனால் எதிரணி தொடங்கும் இடம்) 35 யார்டு கோட்டுக்குப் போனதால் பந்தை எண்ட் ஸோனுக்குள் உதைத்துத் தப்பிக்கிற வழியும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே நீளமாக ஓடிவருகிறவனைவிட, நெருக்கத்தில் தடுப்பை உடைத்து ரிட்டர்னரை மடக்கி வீழ்த்துகிற லைன்பேக்கருக்கும் சேஃப்டிக்கும் மதிப்பு கூடியிருக்கிறது.

அப்படியானால் அந்த இரண்டு டச்டவுன்? நாலாவது குவார்ட்டரில், அடுத்த வாரம் அணியிலேயே இருக்கப்போகாத, ரிசீவரைத் தடுக்கிற கார்னர்பேக் ஒருவன் மீது அடித்ததாக இருக்கலாம். ஃபிலிம் அறையில் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு: தன் வேலை என்னவென்று தெரிந்ததா, கால், கை சரியா, கடைசிவரை முயன்றானா. ரிசீவர் தன் ஓட்டப் பாதையில் (ரூட்) 12 யார்டில் வெட்டித் திரும்ப வேண்டியதை 10 யார்டிலேயே திரும்பியிருந்தால், பாஸ் கிடைத்தாலும் அது தப்புதான். முதல் அணி குவாட்டர்பேக் அவன் திரும்புமுன்பே பந்தை விட்டுவிடுவார். அது போய்ச் சேருவது எதிரணிக் கையில்.

ரசிகர்கள் சுத்தமாக மறந்துவிடுகிற இன்னொரு விஷயம் வேவர். நாலு சீசன் முடிக்காதவனை நீக்கினால் மறுநாள் நண்பகல்வரை மற்ற 31 அணிகளும் அவனைக் கேட்கலாம். முந்தைய சீசனில் தேய்ந்துபோன அணிக்கு முன்னுரிமை. நாலு சீசன் முடித்த மூத்தவருக்கு ஆகஸ்டில் வேவர் கிடையாது, நேரே சுதந்திரம். ஆகவே இளைஞனை விட்டால் பறிபோவான். மூத்தவரை விட்டால் இரண்டு நாளில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு நடக்கும். மூத்தவர் பெயர் நீக்கப் பட்டியலில் வந்ததுமே அவர் கதை முடிந்தது என்று எழுதாதீர்கள்.

நீக்கம் என்பது திறமைக்கான தீர்ப்பும் அல்ல. 1994-ல் க்ரீன் பே அணியில் குவாட்டர்பேக்குகளாக ஃபார்வ், ப்ரூனெல், டெட்மர் மூவரும் இருந்ததால் இன்னொரு குவாட்டர்பேக்கான கர்ட் வார்னருக்கு இடமில்லை. 1999-ல் அவர் லீகின் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்), அதே சீசனின் சூப்பர் போல் வெற்றியாளர்.

அணிகள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்துவது ஒன்று: நாலாவது, ஐந்தாவது ரவுண்டில் எடுத்தவனை, தேர்வு தப்பென்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல் இன்னொரு வருஷம் வைத்திருப்பது. ட்ராஃப்டிலேயே எடுக்கப்படாமல் வந்து மூன்று ப்ரீசீசன் ஆட்டத்திலும் அவனைவிட நன்றாக ஆடியவன் ப்ராக்டிஸ் ஸ்குவாடுக்கு (53-க்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் குழு) போகிறான். 2025 கணக்குப்படி 53-ல் இருக்கிற அறிமுக வீரருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். ப்ராக்டிஸ் ஸ்குவாடில் வாரம் 13,000. பதினெட்டு வாரமும் இருந்தால் 2,34,000. ஒரு மேனேஜரின் வீம்புக்கு ஒரு இளைஞன் கொடுக்கிற விலை இது.

செவ்வாய்க்கிழமை வெளியாகும் 53-ஐ முடிந்த பட்டியலாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். புதன் நண்பகலுக்கு வேவரில் சில பெயர் மாறலாம். அதன் பின் 16 பேர் கொண்ட ப்ராக்டிஸ் ஸ்குவாட் அமையும். அங்கிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேரை மேலே ஏற்றலாம், ஒருவரை அப்படி மூன்று தடவை. முதல் வாரம் பட்டியலில் இருக்கிற மூத்த வீரருக்கு அந்த சீசன் சம்பளம் ஏறக்குறைய உறுதியாகிவிடும் என்பதால், சில அணிகள் வேண்டுமென்றே காத்திருந்து இரண்டாவது வாரம்தான் அவருக்கு போன் போடும்.