முதலிடம் வேறு, ஆதிக்கம் வேறு
இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023ஆம் ஆண்டு ஆண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர் முஹம்மது என்பதை வைத்து, பிரிட்டனின் பெயர் மரபே மாறிவிட்டதாக ஒரு கட்டுரை முடிவுகட்டுவது அவசரமாகத் தோன்றுகிறது. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி அப்பெயர் பெற்றவர்கள் 4,661 பேர். அவ்வாண்டு பிறந்த ஆண் குழந்தைகளோ சுமார் மூன்று லட்சம், அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஓர் ஆணுக்கு ஜான் என்ற பெயர் இருந்தது என்பதை நினைத்தால், இன்று எந்தப் பெயருக்குமே அத்தகைய ஆதிக்கம் இல்லை என்பதுதான் உண்மையான மாற்றம். மற்ற பெற்றோர் நோவா, ஆலிவர், தியோ, ஆர்ச்சி என ஆயிரக்கணக்கான பெயர்களில் சிதறிப்போக, முஸ்லிம் குடும்பங்கள் நபிகளின் பெயரை விடாமல் சூட்டிவருவதால் அது மேலே வந்து நிற்கிறது. ஒரே ஆண்டில் எப்படி இந்தப் பாய்ச்சல் என்று அக்கட்டுரையின் கீழ் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாய்ச்சல் எதுவும் இல்லை. அலுவலகம் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகவே எண்ணுகிறது, இப்பெயரின் வேறு இரு வடிவங்களும் அதே பட்டியலின் முதல் நூறில் உள்ளன, சேர்த்து எண்ணியிருந்தால் பல ஆண்டுகளுக்கு முன்பே இது முதலிடத்தில் இருந்திருக்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என் மகன் செல்லும் நர்சரியில் கோட்டு மாட்டும் கொக்கிகளின் மேல் ஒட்டிய பெயர் அட்டைகளிலேயே இரண்டு முஹம்மதுகளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள். ஸ்காட்லாந்து தனியாக வெளியிடும் பட்டியலில் அதே ஆண்டு முதலிடம் லூக் என்ற பெயருக்கு. ஸ்காட்லாந்தும் பிரிட்டனில் அடங்கும் என்பதால், அக்கட்டுரையின் தலைப்பிலுள்ள 'பிரிட்டன்' என்பதையும் திருத்த வேண்டும்.