இழுவையாக ஓடியது டெக், எக்ஸோடஸ் இல்லை

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். வாய்ஸ் நோட்டுகள் இன்னும் குரூப்பில் சுற்றுகின்றன, அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. படுவேகமான ராக் வகையான திராஷ் மெட்டலில் சிறந்த ஐந்து அறிமுக ஆல்பங்களுக்கு ஓட்டெடுப்பு. அதில் எக்ஸோடஸ் என்ற பேண்டின் 'பாண்டட் பை பிளட்'டை மட்டும் அடித்துவிட்டார்கள். சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, அது 1985-ல் தாமதமாக வந்தது, மெட்டாலிகா பேண்டைப் பார்த்துக் காப்பி அடித்தது. இன்னொன்று, "போட்டுக் கேட்டோமே அண்ணா, இழுவையா இருக்கு."

தம்பிகளா, இழுத்தது நீங்கள் பாட்டுப் போட்ட அந்தக் கேசட் டெக்.

முதலில் வருடக் கணக்கைப் பார்ப்போம். கொழுந்து பறித்த தேதியும் பாக்கெட்டில் அச்சடித்த தேதியும் ஒன்றா? நம் ஊரில் பொறந்தவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? 'பாண்டட் பை பிளட்' 1984 கோடையில் பதிவாகி முடிந்தது. கடைக்கு வந்தது 1985 ஏப்ரலில். நடுவில் தாமதமானதற்குக் கம்பெனிப் பக்கத்துச் சிக்கல்கள் காரணம், வாசித்தவர்கள் இல்லை. பதிவான வருடம் வேறு, வெளியான வருடம் வேறு.

இப்போது காப்பிக்கு வருகிறேன். மெட்டாலிகாவின் முதல் ஆல்பமான 'கில் எம் ஆல்'-ல் லீட் கிடார் வாசித்த கிர்க் ஹாமெட் எங்கிருந்து வந்தார்? எக்ஸோடஸிலிருந்து. அதை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். 1983 ஏப்ரலில் மெட்டாலிகாவில் லீட் கிடார் வாசித்த டேவ் மஸ்டேனை (பிறகு மெகாடெத் ஆரம்பித்தவர்) வெளியே அனுப்பினார்கள், ஹாமெட் உள்ளே வந்தார், மே மாதம் ரோசெஸ்டரில் பதிவு, ஜூலை 25-ல் ஆல்பம் வெளியீடு. வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆல்பத்தில் 'க்ரீப்பிங் டெத்' பாட்டு நடுவில் கூட்டமே 'டை, டை' என்று கத்தும் இடம் இருக்கிறதே, ஞாயிறன்று கையைத் தூக்கிக் கத்தினீர்களே, அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு) எக்ஸோடஸ் காலத்து 'டை பை ஹிஸ் ஹேண்ட்' பாட்டிலிருந்து ஹாமெட்டோடு வந்தது. இனி யார் யாரைக் காப்பி அடித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

'கில் எம் ஆல்' மேல் எனக்குக் கோபம் இருப்பதாக ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் முதலிடம் அதுதான். ஆனால் அதிலும் நான்கு பாட்டுகளில் மஸ்டேன் பெயர் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 'தி ஃபோர் ஹார்ஸ்மென்' போட்டுவிட்டு, உடனே மெகாடெத்தின் 'மெக்கானிக்ஸ்' போடுங்கள். ஒரே ரிஃப். முன்னது நடுவில் மெதுவாக ஒரு பகுதியைச் சேர்த்து ஏழு நிமிடத்தைத் தாண்டும். பின்னது அந்த நிறுத்தமே இல்லாமல் நாலரை நிமிடத்துக்குள் ஓடிவிடும். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்தவர்கள்தான். எக்ஸோடஸுக்கு மட்டும் ஏன் காப்பிப் பட்டம்?

டெக் சமாச்சாரத்தை விடுவதாக இல்லை. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஆறு சதவீதம் குறைந்தால் சுருதி அரை ஸ்வரம் இறங்கும், நிமிடத்துக்கு 200 பீட்டில் அடித்த டிரம் 188 பக்கம் வந்துவிடும், நான்கு நிமிடப் பாட்டு நான்கு நிமிடம் பதினைந்து நொடி ஆகும். அன்றைக்கு நான் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். "மாமா ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்தீர்கள். பரவாயில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பழைய ரப்பர் பெல்ட் நீண்டு தளர்ந்துவிடும், மோட்டார் சுற்றும், நாடாவை ஓட்டும் ஃப்ளைவீல் சக்கரம் கூட வராமல் வழுக்கும். ஜனவரிக் குளிரில் அந்த ரப்பர் இன்னும் விறைக்கும், உள்ளே கிரீஸும் கெட்டியாகும். காலையில் ஆன் பண்ணியதும் இழுக்கும், அரை மணி நேரம் ஓடினால் கொஞ்சம் சரியாகும். நீங்கள் எக்ஸோடஸை முதலில் போட்டீர்கள், மற்ற கேசட்டுகளைப் பிறகு போட்டீர்கள். குளிரில் விறைத்த பெல்ட்டை வைத்துக்கொண்டு எக்ஸோடஸ் டிரம்மர் டாம் ஹண்டிங்கின் டிரம்ஸுக்குத் தீர்ப்பு!

அது மட்டுமா, கேசட்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பூஞ்சை. குன்னூர், கோத்தகிரிப் பனியில் பீரோவுக்குள் வைத்த எல்லாவற்றுக்கும் வருவது. அப்படியே போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, சிம்பல் மாதிரியான ஹை சத்தம் மங்கிவிடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். ஒரு முறை முழுக்க ஃபார்வர்ட் செய்து, திரும்ப ரீவைண்ட் செய்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் நாடாவை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரையும் துடைத்துவிட்டுத்தான் பாட்டு. இதைச் சொன்னதற்கு "கேசட்டை மியூசியத்தில் வைங்க" என்று பதில். கேசட் பிடிக்காவிட்டால் கேசட்டைப் போட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

"ரூல் ரூல்தான், வெளியீட்டு வருடம்தான் கணக்கு" என்பவர்களுக்கு: சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 1985 ஜூனில் வந்த மெகாடெத்தின் 'கில்லிங் இஸ் மை பிசினஸ்' எப்படிப் பட்டியலில் இருக்கிறது? ஏப்ரல் தாமதம், ஜூன் மட்டும் சரியான நேரமா? அதன் மெலிந்த சத்தத்தை மட்டும் எல்லோரும் மன்னித்துவிட்டீர்கள். அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது 8,000 டாலர். அதில் பாதி போதையிலும் சாப்பாட்டிலும் போய், தயாரிப்பாளரை அனுப்பிவிட்டு அவர்களே முடித்தார்கள். அவர்களுக்குப் பணம் இல்லை என்று இரக்கம், எக்ஸோடஸுக்கு டெக் சரியில்லை என்ற இரக்கம்கூடக் கிடையாது.

ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி' 1983 டிசம்பர், அதனால் தப்பித்தது. பாதி ஆல்பம் அயர்ன் மெய்டன் மாதிரிதான் கேட்கிறது என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு அதில் பிடித்ததே வேறு. அவர்களுடைய டிரம்மர் லொம்பார்டோ முதலில் சிம்பல் இல்லாமல் டிரம்மை மட்டும் அடித்தார், சிம்பலைப் பிறகு தனியாகப் பதிந்து சேர்த்தார்கள். சிம்பல் சத்தம் மற்ற மைக்கில் எல்லாம் ஒழுகும், அதைத் தவிர்க்க. ஹெட்ஃபோனில் கேட்டால் சிம்பல் கொஞ்சம் தள்ளி, வேறு அறையில் இருப்பது போல இருக்கும். தவறா, அழகா என்று நாள் முழுக்கச் சண்டை போடலாம். அந்தச் சண்டைக்குத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வந்த இடத்தில் ஓட்டுப் போடச் சொன்னார்கள்.

வெனம் பேண்டின் முதல் ஆல்பம் 1981-லேயே வந்ததே என்பவர்களுக்கு நேரம் இல்லை. அது திராஷுக்கு முந்தின வாசல், வேறு பேச்சு.

பூமர் அங்கிள் என்று போட்ட ஸ்டிக்கரையும் பார்த்தேன். எழுதினது யார் என்றும் தெரியும், அவருடைய கிடார் முதல் கம்பி மூடுபனிக் காலத்தில் துருப்பிடித்து அறுந்தபோது 9 கேஜ் கம்பி செட் யார் கொடுத்தது என்று அவரே சொல்லட்டும். சொல்ல மாட்டார்.

பெல்ட் அளவு எடுக்க நூல் போதும். பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் புல்லியையும் ஃப்ளைவீலையும் சுற்றி நூலை இறுக்கமாகப் பிடித்து அளந்து, அதில் பத்து சதவீதம் குறைத்து வாங்குங்கள். தட்டையா, சதுரமா என்று பழையதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். மாட்டிய பிறகும் வேகம் சரியில்லை என்றால் மோட்டாரின் பின்பக்கம் சிறு துளை இருக்கும், உள்ளே திருகு. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள், தெரிந்த நீளமுள்ள பாட்டைப் போட்டு வாட்ச் பார்த்துக்கொண்டே.

இரண்டு பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். டெக்காரர் என் போனை எடுப்பதில்லை. யாராவது அவரிடம் சொல்லி டெக்கைக் குன்னூர் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.