பெட்டிக்கடைக்குப் பின்னால் 23 வண்டிகள்

போன மாதம் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அரை மணி நேரம் முன்னாடியே போய்விட்டதால் பக்கத்துத் தெரு பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாக ஸ்கூட்டர்கள். சும்மா எண்ணினேன், 23. ஒன்றில் மட்டும் ஹெல்மெட் தொங்கியது.

"பள்ளிக்கூடத்துப் பசங்க வண்டிங்க. நாளைக்குப் பத்து ரூபாய். உள்ளே விடமாட்டாங்கல்ல, இங்க போட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார் கடைக்காரர்.

அதில் ஒன்று எங்கள் வீட்டு வண்டி. காலையில் சாவியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதனால் இந்தப் பதிவை யோக்கியன் மாதிரி எழுத எனக்கு வாயில்லை.

பையன் பிளஸ் ஒன். வயது 16. "பதினாறு வயசுக்கே லைசென்ஸ் தர்றாங்களே" என்று நிறையப் பேர் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். கொட்டகையில் நின்றவை எல்லாம் 110, 125. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவை அன்று இரவுதான் ஒழுங்காகப் படித்தேன். சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். சாவி கொடுத்தவன் எதை நிரூபிப்பது?

கூட்டத்தில் டீச்சரிடம் எனக்குக் கிடைத்தது நாலு நிமிடம். கெமிஸ்ட்ரி குறைந்துவிட்டது, கையெழுத்து போடுங்கள், அடுத்தவர் வரட்டும். எழுந்திருக்காமல் வண்டி விஷயத்தைக் கேட்டேன்.

"கேம்பஸுக்குள்ள டூவீலர் கூடாதுன்னு சர்க்குலர் போட்டு உங்ககிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கோங்க சார். உங்க பையனை நீங்கதானே கொண்டுவந்து விடறீங்க? அப்படித்தான் சொன்னான்."

என்னிடம் அவன் சொன்னது, "ஸ்கூல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா."

நானும் அந்த டீச்சரும் ஒரே ஒரு தடவை போனில் பேசியிருந்தால் இந்தக் கதை ஒரு நாள் தாங்கியிருக்காது. ஆனால் அவர்களிடம் என் கையெழுத்துப் போட்ட சர்க்குலர் இருக்கிறது, எனக்கு "ஸ்கூல் பார்த்துக்கும்" இருக்கிறது. அந்தக் காகிதம் நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிர்வாகத்துக்கு உதவும். பைபாஸில் லாரிக்காரனுக்கு அதைக் காட்ட முடியுமா?

இன்னொன்று. பையன்கள் வண்டி எடுப்பது வெறும் கெத்துக்காக மட்டும் இல்லை. காலை ஸ்பெஷல் கிளாஸ் 7.45க்கு. எங்கள் ஊரிலிருந்து வரும் டவுன் பஸ் பள்ளி ஸ்டாப்பைத் தொடும்போது மணி 8.20. அதற்கு முந்தையது ஆறரைக்கே போய்விடும். அரசு பஸ் பாஸ் பையில் இருந்து என்ன? நேரம் குறித்தவர்கள் பிள்ளைகள் எதில் வருகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. சர்க்குலரில் கையெழுத்துப் போட்ட நாங்களும் அதைச் சொல்லவில்லை.

அன்று வராண்டாவில் ஆறு பேர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்தோம். யாரையும் தண்டிக்க வேண்டாம், யார் எதில் வருகிறார்கள் என்று மட்டும் வகுப்பு வாரியாகக் கணக்கெடுங்கள் என்று கேட்டோம். முதலில் முகம் சுளித்தார். பிறகு கணக்கு வந்ததும் அவரே ஸ்பெஷல் கிளாஸை எட்டரைக்கு மாற்றினார். பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் விடச் சொல்லி, பள்ளி லெட்டர்பேடில் பெற்றோர் கையெழுத்தோடு பணிமனைக்கு மனு போனது. இன்னும் பதில் இல்லை.

நேற்று கொட்டகையில் 14 வண்டிகள். எங்களுடையது இல்லை. பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போகிறான்.

இன்று காலை அவனுடைய கிளாஸ் டீச்சர் போன் செய்தார். "சார், உங்க பையன் படியில தொங்கிட்டு வந்தான், ஸ்டாப்புல பார்த்தேன். நான் சொல்லிட்டேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

பதினொரு வருடத்தில் மார்க்கைப் பற்றிப் பேசாமல் பள்ளியிலிருந்து வந்த முதல் போன் இது.