எல்லா வீட்டுப் பையனும் போகவில்லை

எல்லையில் பதற்றம் வந்தால் போதும், முகநூலில் ஒரு பதிவு தவறாமல் கண்ணில் படும். கட்டாய ராணுவ சேவை கொண்டுவாருங்கள், பணக்காரன் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கட்டும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வியட்நாம் போர்க்கால அமெரிக்காவிலும் இதையேதான் சொன்னார்கள்.

அங்கே சட்டம் எல்லோருக்கும் பொது. 18 வயதானால் பெயரைப் பதிய வேண்டும், பதினெட்டரையிலிருந்து அழைப்பு வரலாம். (ஓட்டுப் போட மட்டும் 21 ஆக வேண்டும். அதை 18 ஆக்கியது 1971-இல்தான்.) ஆனால் கல்லூரியில் முழுநேரம் படிப்பவனுக்கு விலக்கு உண்டு. பகலில் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் இரண்டு பாடம் படிக்கிற பையனுக்குக் கிடையாது. அப்பா ஃபீஸ் கட்டினால் தப்பிக்கலாம், தானே சம்பாதித்துப் படித்தால் கையில் துப்பாக்கி. 1969 டிசம்பரில், யாரை அழைப்பது என்று குலுக்கிப் போட்டு எடுக்கும் முறை வந்த பிறகும் மாணவர் விலக்கு உடனே போய்விடவில்லை. பின்னாளில் பாதுகாப்புச் செயலாளராக வளைகுடாப் போரை நடத்திய டிக் செனி, அறுபதுகளில் ராணுவ அழைப்புக்கு ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கியவர்.

சரி, போருக்கு ஆள் போதவில்லை. கல்லூரிப் பிள்ளைகளைத் தொட்டால் நடுத்தர வர்க்கம் கொதிக்கும். அதனால் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 1964-இல் அந்தத் தேர்வில் தேறாத குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1966-இல் திடீரென்று தகுதியானவர் ஆனது இப்படித்தான். அதே ஆண்டு பாதுகாப்புச் செயலாளர் மெக்நமாரா 'ஒரு லட்சம் பேர் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தார். முன்பு கழித்துக்கட்டப்பட்டவர்களையே எடுத்தார்கள், 1971-க்குள் சுமார் மூன்றரை லட்சம் பேர். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள், அதில் கறுப்பினத்தவர் பங்கு மிக அதிகம். ராணுவத்தில் தொழில் கற்று, திரும்பி வந்து நன்றாகப் பிழைப்பார்கள் என்பது விளக்கம். பிற்பாடு ஆய்வு செய்து பார்த்தபோது, போகாமல் ஊரிலேயே இருந்தவர்களைவிட இவர்கள் எந்த விதத்திலும் மேலான நிலையில் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவதற்கு நலத்திட்டம் என்று ஒரு பெயர்!

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது? பையன் போர்முனையில் இருப்பதற்கு மாதம் 65 டாலர் கூடுதல் சம்பளம். அங்கிருந்து அவன் எழுதும் கடிதத்துக்குத் தபால் தலை வேண்டாம், உறை மூலையில் 'இலவசம்' என்று கையால் எழுதினால் போதும்.

சாவுச் செய்தி? 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்குச் சண்டையில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்து கொலம்பஸ் நகரில், ஃபோர்ட் பென்னிங் முகாமை ஒட்டி இருந்தன. இத்தனை சாவை ராணுவம் எதிர்பார்க்கவில்லை, சொல்லி அனுப்ப ஆள் ஏற்பாடும் இல்லை. தந்திகளை டாக்சி டிரைவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களில் பலர் கைக்குழந்தையோடு இருந்த சின்ன வயது மனைவிகள். கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு டிரைவர் கையில் காகிதம். அந்த டிரைவர்தான் பாவம் என்ன செய்வார்!

இயா டிராங்கில் ஒரு படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் கர்னல் மூரின் மனைவி ஜூலியா, டாக்சி போன வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே போனார், இறுதிச் சடங்குகளில் நின்றார், மேலிடத்தில் சண்டை போட்டார். ஓர் அதிகாரியும் பாதிரியாரும் நேரில் போய்ச் சொல்லும் முறை அதன் பிறகுதான் வந்தது. அவர் கர்னல் வீட்டம்மா, பேச்சு ராணுவத் தலைமையகமான பென்டகன் வரை எடுபட்டது. சாதாரணச் சிப்பாயின் பெண்டாட்டி கேட்டிருந்தால் டாக்சிதான் தொடர்ந்து ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.